பருசீவல் யந்திரம்: கரும்பு நாற்றங்காலில் ஆள் சிக்கனம்

கரும்பு நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது இப்பொழுது கொங்கு நாட்டில் எங்கும் கேட்கப்படும் குறையாகும். பவானி, கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம், உடுமலைப்பேட்டை முதலிய பகுதிகளில் தண்ணீர் இருந்தும், நிலம் தயாராக இருந்தும், கரணை வெட்டவும் நடவும் ஆள் இன்றிப் பட்டம் தவறுவது உண்டு. திருப்பூர்ப் பின்னலாடைச் சாலைகளிலும் கோயம்புத்தூர்ப் பட்டறைகளிலும் நிழலில் உட்கார்ந்து ஆண்டு முழுவதும் சம்பாதிக்கக்கூடிய ஒருவர், சில நாள் வேலைக்காகக் கரும்புக் காட்டுக்கு வரவில்லையே என்று குறை கூறுவதில் நியாயம் இல்லை. ஆதலின், உள்ள ஆட்களைக் கொண்டே காலத்தில் நடவை முடிப்பது எப்படி என்று யோசிப்பதே நமது கடமையாகும். அதற்கு ஒரு வழி, பருசீவல் நாற்று முறையும் அதற்கேற்ற ஒரு சிறு யந்திரமும் ஆகும். அவ்வியந்திரம் எவ்வாறு அமைந்திருக்க வேண்டும், அதை வாங்குமுன்னும் செய்விக்குமுன்னும் ஒரு கூட்டுறவுச் சங்கம் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை இங்கே விளக்குவோம்.

கரணையும் பருசீவலும்

கரும்பு ஆராய்ச்சியில் நமது கோயம்புத்தூருக்கு உலகப் புகழ் உண்டு. இங்குள்ள கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. டாக்டர் பார்பர், அவருக்குப்பின் ஸர் டி. எஸ். வெங்கடராமன் ஆகியோர் இங்கே உழைத்து, கெட்டித் தண்டுள்ள கரும்பையும் காட்டு நாணற் கரும்பையும் கலந்து, 1918-இல் ‘கோ 205’ என்னும் இரகத்தை வெளியிட்டனர். அன்று முதல் ‘கோ’ என்னும் அடைமொழியுடன் வெளிவந்த இரகங்கள் நாடெங்கும் பரவின. இரகம் எவ்வளவு உயர்ந்ததாயினும், அதன் விதை நிலத்திற்கு வந்து சேரும் வழி மட்டும் நெடுங்காலம் மாறவில்லை. கரும்பையே துண்டு துண்டாக வெட்டிப் புதைத்து வந்தோம்.

சாதாரண முறையில் ஏக்கர் ஒன்றுக்கு இரு பருக் கரணைகள் சுமார் 30,000 வேண்டும். இதன் நிறை மூன்று முதல் நான்கு டன் ஆகும். ஆலைக்கோ வெல்லத்திற்கோ போகவேண்டிய இவ்வளவு கரும்பையும் மண்ணில் இடுகிறோம். அதை வெட்டுவது, சுமப்பது, பரப்புவது, அமுக்குவது ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஆள் கூலி தனி.

உண்மையில் முளைப்பது கரணை அன்று. கணுவிலுள்ள பருவே முளைக்கின்றது. பருவுடன் சிறிது சதையும், கணுவைச் சுற்றியுள்ள வேர்ப்புள்ளிகளில் ஒன்றேனும் சேர்ந்திருந்தால் முளைப்பதற்குப் போதும் என்று வான் டில்லெவைன் என்ற டச்சு தாவர நிபுணர் 1952-இல் வெளியான தமது நூலில் குறித்திருக்கின்றார். இந்தக் கருத்தின்மேல் எழுந்ததே பருசீவல் முறை. பருவை அரைவட்டமாகச் சீவி எடுத்து, தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டில் வைத்து, நிழல்வலைக் குடிலில் 25 முதல் 35 நாட்கள் வளர்த்து, நாற்றாக நடுவதே இம்முறையாகும். 2009-இல் இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையமும் உலக வனவிலங்கு நிதியமும் சேர்ந்து இதற்கு ஒரு கைந்நூல் வெளியிட்டன. பின்னர் தமிழ்நாட்டில் ‘நீடித்த நவீன கரும்பு சாகுபடி’ என்ற பெயரில் இது பரப்பப்பட்டது.

இம்முறையில் வரிசைக்கு வரிசை 5 அடி, செடிக்குச் செடி 2 அடி இடம் விடப்படுகின்றது. ஒரு செடிக்குப் பத்துச் சதுர அடி ஆகின்றமையால், 43,560 சதுர அடி கொண்ட ஒரு ஏக்கருக்கு 4,356 நாற்றுகள் போதும். முளையாதவற்றுக்கும் போக்கிடம் நிரப்புவதற்கும் சேர்த்து 5,000 பருக்கள் என்று வைத்துக்கொள்வர். ஒரு கரும்பில் நல்ல பரு பத்து என்று கொண்டால் 500 கரும்புகள் போதும். அக்கரும்புகளிலும் சீவிய பகுதி போக, தண்டு முழுவதும் நம் கையிலேயே நிற்கின்றது.

எந்த வேலையை யந்திரத்திற்குக் கொடுப்பது?

ஒரு யந்திரத்தை அமைக்குமுன் வேலையைக் கூறு கூறாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பருசீவல் நாற்றங்காலில் உள்ள வேலைகள் இவை: கரும்பு வெட்டிச் சோகை உரித்தல், பருச் சீவுதல், மருந்து நீரில் நனைத்தல், கோணிப்பையில் கட்டி முளை கிளம்பச் செய்தல், தட்டு நிரப்புதல், பரு வைத்து மூடுதல், தட்டுகளை அடுக்கிப் பாலிதீன் தாளால் போர்த்துதல், முளை வந்தபின் பரப்பித் தண்ணீர் தெளித்தல் என்பன.

இவற்றுள் நனைத்தலும் அடுக்குதலும் அதிக நேரம் கொள்வன அல்ல. தட்டு நிரப்புதலுக்குப் பெரிய யந்திரம் தேவையில்லை. இடுப்பு உயர மேசையும், தட்டின் அளவுக்குச் செய்த மரச்சட்டமும், வழித்துவிட ஒரு பலகையும் இருந்தால் போதும். ஐம்பது குழித் தட்டு ஒன்றுக்கு ஐம்பது முறை கையால் அள்ளி இடுவதை விட்டு, ஒரே கொட்டலில் நிரப்பி ஒரே இழுப்பில் வழித்து விடலாம். ஏக்கருக்கு நூறு தட்டுகள் என்பதை நினைத்தால் இந்தச் சிறு பலகையின் அருமை விளங்கும்.

சீவுதலே தலையான வேலை. கணு ஒவ்வொன்றையும் கையில் பிடித்து, பருவை நசுக்காமல், வேர்ப்புள்ளி விட்டுப்போகாமல், 5,000 தடவை ஒரே விதமாக வெட்ட வேண்டும். காலையில் திருத்தமாக வெட்டும் கை மாலையில் தளர்ந்துவிடும். தளர்ந்த கையின் வெட்டில் பருவும் கெடும், விரலும் கெடும். ஆகவே இவ்வேலைக்கே யந்திரத்தின் உதவி முதலில் வேண்டும்.

கரும்பின் இயல்பும் யந்திரத்தின் அமைப்பும்

எந்த யந்திரமும் தான் கையாளும் பொருளின் இயல்பை அறிந்து அமைய வேண்டும். கரும்பில் கவனிக்க வேண்டிய இயல்புகள் நான்கு.

முதலாவது, கணுவுக்குக் கணு தூரம் ஒன்றுபோல் இல்லை. அடியில் ஓர் அளவு, நடுவில் ஓர் அளவு, நுனியில் ஓர் அளவு. ஆதலால், குறித்த தூரம் கரும்பைத் தானே நகர்த்தி வெட்டும் யந்திரம் பருவை விட்டு இடைக்கணுவை வெட்டும். பருவின் இடத்தைக் கண்டு கொடுப்பது மனிதனின் கண்ணும் கையுமே. கண்ணால் செய்ய வேண்டியதை ஆளிடம் விட்டு, பலத்தால் செய்ய வேண்டியதை மட்டும் யந்திரத்திடம் கொடுப்பதே சிறு யந்திர அமைப்பின் முதல் விதியாகும்.

இரண்டாவது, பருக்கள் தண்டின் இரு பக்கங்களிலும் மாறி மாறி அமைந்திருக்கின்றன. ஒரு பரு மேற்புறம் என்றால் அடுத்தது அதற்கு நேர் எதிர்ப்புறம். ஆகவே ஒவ்வொரு வெட்டுக்கும் கரும்பை அரைச்சுற்றுத் திருப்ப வேண்டும். ஒரு கை கரும்பிலும் மறு கை நெம்புகோலிலும் இருந்தால் திருப்புவது கடினம். மிதிகட்டை வைத்துவிட்டால் இரண்டு கைகளும் கரும்புக்கே கிடைக்கும். கையால் இழுக்கும் கருவியைக் காட்டிலும் காலால் மிதிக்கும் கருவி சௌகரியமாக இருப்பதன் காரணம் இதுவே.

மூன்றாவது, கரும்பின் தடிமனும் ஒன்றுபோல் இல்லை. கரும்பைக் கீழே ஒரு பலகையில் கிடத்தி, கத்தி குறித்த உயரம் வரை இறங்குமாறு செய்தால், தடித்த கரும்பில் ஆழமான துண்டும், மெலிந்த கரும்பில் வெறும் தோலும் வரும். ஆகவே சீவலின் ஆழத்தைக் கரும்பின் அடியிலிருந்து அளக்கலாகாது. பரு இருக்கும் பக்கத்திலிருந்தே அளக்க வேண்டும். பருவுள்ள பக்கம் அசையாத ஒரு தாங்கியில் படவேண்டும். எதிர்ப்பக்கத்தில் ஒரு சுருள்வில் கரும்பை அத்தாங்கியை நோக்கி அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். தடிமன் கூடினாலும் குறைந்தாலும் வில் இடங்கொடுக்கும். சீவல் மட்டும் ஒரே ஆழத்தில் வரும். பருவின் மேடு நசுங்காதபடி தாங்கியில் ஒரு குழிவு விடுவதும் அவசியம்.

நான்காவது, கரும்பின் தோல் கடினம். உள்ளே சதை மென்மை. மழுங்கிய கத்தி தோலைக் கிழித்துச் சதையை நசுக்கும். நசுங்கிய சதையில் பூஞ்சாணம் விரைவில் ஏறும். கத்தி அரைவட்ட வாயுடன், நல்ல எஃகில், கழற்றித் தீட்டக்கூடியதாக இருக்க வேண்டும். நேராக அழுத்தி இறங்குவதைவிட, வளைந்து சறுக்கிச் செல்லும் கத்திக்கு மிதி பலம் குறைவாகவே வேண்டும். அரிவாளை இழுத்து அறுப்பதற்கும் அமுக்கி வெட்டுவதற்கும் உள்ள வேற்றுமை அங்கத்தினர்கள் யாவரும் அறிந்ததே.

மிதிகட்டையின் கணக்கும் எளிது. சுழலச்சிலிருந்து மிதி 45 சென்டிமீட்டர் தூரத்திலும், கத்தியை இழுக்கும் கம்பி 15 சென்டிமீட்டர் தூரத்திலும் இருந்தால், காலின் அழுத்தம் கத்தியில் மும்மடங்காகும். ஆனால் கத்தி 3 சென்டிமீட்டர் நகரக் கால் 9 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். பலத்தில் பெறுவதைத் தூரத்தில் கொடுக்கிறோம். ஆகவே பலம் போதுமான அளவுக்கு மேல் மடங்கைக் கூட்டுவது வீண். நாளெல்லாம் தூக்கித் தூக்கி வைப்பதில் கால் ஓய்ந்துவிடும். வேலை செய்பவர் உயரமான முக்காலியில் அமர்ந்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தால் மிதிக்கும்படி அமைத்தல் உத்தமம்.

மோட்டார் வேண்டுமா?

பைகாரா நீர்மின்சாரம் 1930-களில் வந்தது முதல் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் எதற்கும் மோட்டார் வைக்கும் பழக்கம் ஏற்பட்டுவிட்டது. கிணற்றுப் பம்பு முதல் 1955-இல் இங்கே பிறந்த மாவு அரைக்கும் யந்திரம் வரை அதனால் பெற்ற நன்மை மிகப் பெரிது. ஆயினும் இங்கே ஒரு கணக்குப் பார்க்க வேண்டும்.

விளக்கத்திற்காக, கைக்கருவியால் ஒரு பருவுக்குப் பத்து விநாடி ஆகிறதென்று கொள்வோம். 5,000 பருவுக்கு 50,000 விநாடி, அதாவது ஏறக்குறைய 14 மணி நேரம். மிதிகட்டையால் ஐந்து விநாடியானால் 7 மணி நேரம். ஒருவரின் ஒரு நாள் வேலையில் ஒரு ஏக்கருக்கு வேண்டியது முடியும். மோட்டார் வைத்து நான்கு விநாடியாக்கினால் ஐந்தரை மணி நேரம். முதல் மாற்றத்தில் ஏழு மணி மிச்சம். இரண்டாவது மாற்றத்தில் ஒன்றரை மணியே மிச்சம். ஏனெனில் வெட்டுக்குப் பிடிப்பது ஒரு விநாடிதான். மற்ற நேரமெல்லாம் பருவைத் தேடித் திருப்பி வைப்பதில் போகின்றது. மோட்டார் அந்த நேரத்தைக் குறைக்காது.

அந்த நேரத்தைக் குறைக்க வேறு வழி உண்டு. கரும்பை முன்னதாகவே கையால் சோகை உரித்து வைக்க வேண்டும். அரிவாளால் உரித்தால் பரு காயப்படும். தடித்தவை, மெலிந்தவை என்று பிரித்து வலப்பக்கத்தில் அடுக்க வேண்டும். சீவல் தானே ஒரு கூடையில் விழும்படி சரிவுத் தகடு இருக்க வேண்டும். இவற்றுக்குச் செலவு சொற்பம், பலனோ அதிகம். ஒவ்வொரு சங்கமும் இந்தக் கணக்கைத் தன் கடிகாரத்தைக் கொண்டே ஒருமுறை பார்த்துவிடுதல் நலம். பெரிய நாற்றங்கால் வைத்து நாள்தோறும் பல ஏக்கருக்கு நாற்று விற்போருக்கு மோட்டார் பொருந்தும். அங்கும், கத்தி ஓயாமல் ஆடிக்கொண்டிராமல், மிதித்தால் மட்டும் ஒரு வெட்டு வெட்டி நிற்கும் அமைப்பு இருக்க வேண்டும். யந்திரத்தின் வேகத்திற்கு மனிதன் ஓடினால், விபத்து வெகுதூரத்தில் இல்லை.

விரலும் கத்தியும்

கத்திக்கு அருகில் இரண்டு கைகளும், அதை இறக்குவது காலுமாக இருக்கும்போது ஆபத்து உண்டு என்பதை மறைக்கலாகாது. ஒரு விரலை இழந்தவருக்கு எந்த ஆள் சிக்கனமும் ஈடாகாது. ஆகையால் பின்வருவனவற்றைக் கண்டிப்பாக அனுசரிக்க வேண்டும்.

1. கத்திக்கு முன் ஒரு காப்புத் தகடு இருத்தல் வேண்டும். பரு நுழையும் அளவுக்கே அதில் துளை இருக்க வேண்டும். விரல் நுழையக் கூடாது.
2. கரும்பு பிடிப்பவரே மிதிக்க வேண்டும். ஒருவர் பிடிக்க மற்றொருவர் மிதிப்பது ஒருபோதும் கூடாது.
3. மிதிகட்டையின் மேல் ஒரு மூடி இருத்தல் வேண்டும். தவறி விழும் கரும்போ, ஓடி வரும் குழந்தையோ அதை அமுக்கிவிடாதிருக்க இது உதவும்.
4. வேலை முடிந்ததும் கத்தியைக் கழற்றிப் பெட்டியில் பூட்ட வேண்டும்.
5. காலால் மிதிக்கும் யந்திரத்தில் சேலைத் தலைப்பும் தாவணியும் சிக்காதபடி நெம்புகோலை மறைத்தல் வேண்டும்.

நோய் பற்றியும் ஒரு வார்த்தை. மறுதாம்புப் பயிரைக் குட்டையாக்கும் நோய் வெட்டுக் கத்தியின் வழியாகவே ஒரு கரும்பிலிருந்து மறு கரும்புக்குச் செல்லும். ஒருவர் தோட்டத்துக் கத்தி அவர் தோட்டத்துடன் நிற்கும். சங்கத்தின் கத்தியோ ஊர் முழுவதும் சுற்றும். ஆகவே ஒவ்வொரு தோட்டத்துக் கரும்புக்கும் முன் கத்தியைக் கிருமிநாசினியில் துடைப்பது கட்டாயம். உள்ளே செந்நிறம் கண்ட கரும்பைச் செவ்வழுகல் என்று சந்தேகித்து உடனே ஒதுக்க வேண்டும். விதைக்கென்றே வளர்த்த, ஏழு முதல் ஒன்பது மாதம் சென்ற, நோயற்ற கரும்பைத்தான் எடுக்க வேண்டும்.

நூறு பருச் சோதனை

யந்திரம் எவ்வளவு விரைவாகச் சீவினும், சீவல் முளைக்காவிட்டால் பயன் இல்லை. புதிய யந்திரத்தை ஒப்புக்கொள்ளுமுன் ஒரு சோதனை செய்க. ஒரே தோட்டத்துக் கரும்பில், ஒரே நாளில், யந்திரத்தால் நூறு சீவலும், தேர்ந்த ஆளின் கையால் நூறு சீவலும் எடுத்து, இரண்டிரண்டு தட்டுகளில் தனித்தனியாக வைத்து, ஒரே குடிலில் ஒரே விதமாக நீர் தெளித்து வருக. இருபதாம் நாள் முளைத்தவற்றை எண்ணுக. யந்திரத் தட்டில் வெகுவாகக் குறைந்தால் மூன்றில் ஒரு காரணம் இருக்கும்: கத்தி மழுங்கியிருக்கும், அல்லது தாங்கி பருவை நசுக்கியிருக்கும், அல்லது ஆழம் போதாமல் வேர்ப்புள்ளி விட்டுப்போயிருக்கும். எதுவென்று கண்டு, பட்டறைக்காரரிடம் தட்டையே கொண்டுபோய்க் காட்டுக. நம் பக்கத்துக் கொல்லரும் கடைசல் பட்டறைக்காரரும் கண்ணால் கண்டதைத் திருத்துவதில் கைதேர்ந்தவர்கள்.

சீவலில் சேமிப்பு உணவு மிகக் குறைவு என்பதையும் மறக்கலாகாது. கரணை சில நாள் வாடினும் பிழைக்கும். சீவல் வெயிலில் கிடந்தால் அன்றே கெடும். அன்று சீவியதை அன்றே மருந்திட்டு நிழலில் சேர்க்கும் அளவுக்கு மட்டுமே சீவ வேண்டும்.

சங்கம் ஏன் வாங்க வேண்டும்?

கணக்கிற்காக, யந்திரமும் அதன் பழுதுபார்ப்பும் சேர்ந்து ரூபாய் 20,000 என்றும், அது ஐந்து ஆண்டுகள் உழைக்கும் என்றும் கொள்வோம். ஆண்டுக்கு நான்கு ஏக்கர் நடும் ஒருவர் தனியே வாங்கினால் ஐந்து ஆண்டில் 20 ஏக்கர்; ஏக்கருக்கு ரூபாய் 1,000 பளு. நாற்பது ஏக்கருக்குப் பொதுவாகச் சங்கம் வாங்கினால் ஐந்து ஆண்டில் 200 ஏக்கர். ஏக்கருக்கு ரூபாய் 100. யந்திரம் ஒன்றே, இருவருக்கும் செலவு பத்து மடங்கு வேறுபடுகின்றது. நாளுக்கு ஒரு ஏக்கர் வீதம் நாற்பது ஏக்கருக்கு நாற்பது நாள் வேலை உண்டு. டிசம்பர்–ஜனவரி முன்பட்டம், பிப்ரவரி–மார்ச் நடுப்பட்டம், ஏப்ரல்–மே பின்பட்டம் என்று மூன்று பட்டங்களுக்கும் முறை வைத்துப் பங்கிட்டால் நெருக்கடி நேராது. முறை வைக்கும் ஏட்டில் சிறு நிலக்காரரின் பெயர் கடைசியில் தள்ளப்படாமல் இருக்கின்றதா என்று நிர்வாகக் குழுவினர் பார்த்துக்கொள்ள வேண்டும். யந்திரம் எல்லோருடைய பங்குப் பணத்திலும் வந்தது என்பதை மறந்துவிட்ட சங்கத்தில் அது பழுதாவதற்கு முன்பே பூசல் வந்துவிடும்.

பருச் சீவிய பின் மீதியாகும் தண்டையும் வரவில் சேர்க்க வேண்டும். கவுந்தப்பாடிப் பக்கத்தில் நாட்டுச்சர்க்கரை காய்ச்சும் ஆலைக்கொட்டகைகள் பல உள்ளன. ஏழெட்டு மாதக் கரும்பின் சாறு முற்றிய கரும்பின் சாறு போன்றதன்று. சர்க்கரையின் அளவும் தரமும் சற்றுக் குறையும். மேலும் பல இடங்களில் வெட்டுப்பட்ட தண்டு விரைவில் புளிக்கும். ஆகவே சீவும் நாளைக் கொட்டகைக்காரருடன் முன்கூட்டிப் பேசி வைத்துக்கொண்டு, அன்றே ஆட்டிவிட வேண்டும்.

கூலியாட்களின் பிழைப்பு

யந்திரம் வந்தால் கூலிக்காரரின் பிழைப்புக் கெடுமே என்று சிலர் கேட்பர். கேட்க வேண்டிய கேள்வியே. கரணை வெட்டும் வேலை சில நாளில் முடிந்துவிடும். நாற்றங்கால் வேலையோ, சீவுதல் முதல் நாற்றை வண்டியேற்றுவது வரை ஒரு மாதத்துக்குக் குறையாது. குனிந்த இடுப்புடன் வெயிலில் செய்வதற்குப் பதிலாக நிழலில் அமர்ந்து செய்வது. ஆனால் இந்த நன்மை தானாக வாராது. யந்திரம் ஓட்டக் கற்றவருக்குக் கற்ற வேலைக்குரிய கூலி கொடுக்க வேண்டும். முன்பு கரணை வெட்டியவர்களுக்கே, பெண்கள் உட்பட, முதலில் பழக்கிக் கொடுக்க வேண்டும். மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு அவர்கள் கைக்குச் சென்றால்தான், அடுத்த பட்டத்திலும் அவர்கள் நம்மை நாடி வருவார்கள்.

ஆகவே அங்கத்தினர்கள் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைப் பற்றிக் கலந்து பேசி, முதலில் ஒரு ஏக்கருக்கு மட்டும் நாற்று வளர்த்துப் பார்ப்பார்களாக. கோயம்புத்தூரிலுள்ள கரும்பு இனப்பெருக்க நிலையமும், வேளாண்மைப் பல்கலைக்கழகமும் எட்டாத தூரத்தில் இல்லை. அங்கே சென்று யந்திரத்தைக் கண்ணால் கண்டு, காலால் மிதித்து, சீவலைக் கையில் எடுத்துப் பார்த்த பின்பே பணத்தை எடுக்க வேண்டும். சிறிதாகத் தொடங்கி, எண்ணிப் பார்த்து, திருத்திப் பெருக்குவதே கூட்டுறவுக்கு உகந்த வழியாகும்.